கறுப்பு பெயிண்டுக்கு அடியில் நாலு முனை

வாகினியைப் பற்றிப் பேச வந்தால் முதலில் அவள் கண்ணைப் பற்றித்தான் பேச வேண்டும். மாத்தளையில் ஓர் ஆஸ்பத்திரியில் பதினாறு வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறவள் அவள். புதிதாக வந்த டொக்டர்மார் திரையைப் பார்த்து, "மிஸ், முறிவு ஒன்னும் தெரியலையே" என்பார்கள். அவள் பேனா மூடியால் ஓர் இடத்தைச் சுட்டிக் காட்டிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடப் போய்விடுவாள். அந்த இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு இருக்கும். படத்தைப் படித்துச் சொல்வது டொக்டரின் வேலை, எடுத்துக் கொடுப்பதுதான் அவள் வேலை. அந்த எல்லையை அவள் மீறியதில்லை. ஆனாலும், "வாகினி மிஸ் ஒருக்கா பாத்தாச்சா?" என்று கேட்காமல் எலும்பு வார்டில் யாரும் முடிவெடுப்பதில்லை.

அந்தக் கண் ஒரு முறை அவளைக் கைவிட்டது. அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஊழியர் ஓய்வறையில், பந்துகளைக் கோலால் அடித்து ஓரக் குழிகளில் விழுத்தும் பூல் ஆட்ட மேசை ஒன்று உண்டு. மூடிப்போன ஹோட்டல் ஒன்றிலிருந்து வந்தது. பகல் சாப்பாட்டு நேரத்தில் ஆண்கள்தான் ஆடுவார்கள். ஒரு நாள் மழைக்கு ஒதுங்கப் போன வாகினி, சும்மா கையில் ஒரு கோலை எடுத்து ஒரு பந்தை அடித்தாள். அது போய் மூலைப் பொக்கட்டில் விழுந்தது. இன்னொன்றை அடித்தாள். மழை விட்டு வெகுநேரமாகியும் அவள் அங்கேயே நின்றாள். ஆறு மாதத்துக்குள் அவளை வெல்லக்கூடியவர் அங்கே ஒருவர்தான் மிஞ்சினார். அவர் மகேந்திரராஜா, ஆஸ்பத்திரிக் கணக்காளர். தோல் பெட்டிக்குள் தனக்கென்று சொந்தக் கோல், அதாவது கியூ, வைத்திருந்தவர். அதை வேறு யாரையும் தொட விடமாட்டார்.

"உங்க விளையாட்டுல பிழையே இல்ல மிஸ்," என்றார் அவர் ஒரு நாள். "கையில இருக்கிறதுதான் விறகு."

உண்மைதான். ஓய்வறையில் இருந்த கியூக்கள் எல்லாம் வளைந்து போனவை. நல்லதாக ஒன்று வாங்க வேண்டும் என்று வாகினிக்கு ஆசை பிறந்தது. புதியதன் விலையைப் பார்த்ததும் ஆசை அடங்கவில்லை, வழி மட்டும் மாறியது. அவளுடைய தம்பி சுஜிதன் கனடாவில், ரொறன்ரோவில் இருந்தான். அங்கே பழைய வீட்டுச் சாமான்களை இணையத்தில் ஏலம் விடுவார்கள். அதில் பழைய கியூக்களும் வரும். 'அறுபது வருஷப் பழையது, கருங்காலி முனைகள், கையால் செய்தது' என்று போட்டிருந்த ஒன்றை நாற்பத்தைந்து டொலருக்கு எடுத்தாள். ஊருக்கு வந்த ஒருவர் கையில் சுஜிதன் கொடுத்தனுப்பினான்.

ஓய்வறையில் எல்லோர் முன்னாலும் அதைப் பிரித்தாள். மகேந்திரராஜா கையில் வாங்கி, பிடிப்பக்கத்தில் ஈட்டி வடிவில் தெரிந்த கறுத்த முனையின் ஓரத்தை நகத்தால் லேசாகச் சுரண்டினார். அது உரிந்து வந்தது.

"ஸ்டிக்கர் மிஸ்," என்றார். சிரிக்கக் கூடாது என்று அவர் பட்டபாடு எல்லோருக்கும் தெரிந்தது. மற்றவர்கள் அந்தப் பாடும் படவில்லை.

வீட்டுக்குப் போய் ஏலத்தில் போட்டிருந்த படங்களைத் திரும்பத் திறந்தாள். எல்லாம் அதிலேயே இருந்தது. கறுப்பு மரம், வெள்ளை மரம் என்று இரண்டு இருந்தால் ஒவ்வொன்றின் ரேகையும் தன் தன் வழியில் ஓட வேண்டும். இதில் ஒரே ரேகை கறுப்புக்குள்ளும் வெள்ளைக்குள்ளும் நேராகப் போனது. பெருப்பித்துப் பார்த்தால் அச்சடித்த புள்ளிகள்கூடத் தெரிந்தன. நாற்பத்தைந்து டொலர் போனது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. கண் முன்னால் இருந்ததைத் தான் பார்க்காமல் விட்டாளே, அதுதான் குத்தியது. ஒரு நோயாளியின் படத்தில் இப்படி விட்டிருந்தால்?

அன்றிலிருந்து இரண்டு வருஷம் படித்தாள். பழைய கியூவில் கறுத்த மரத்தை ஈட்டி முனை போலச் செதுக்கி, வெளிர் மரத்தில் வெட்டிய பள்ளத்துக்குள் இறக்கி ஒட்டுவார்கள். கையால் இறக்கிய முனை ஊசி போல முடியும். கணினி இயந்திரம் வெட்டியது கொஞ்சம் மழுங்கும். முனையைச் சுற்றி நிற மரத்தாள்கள் ஒன்றோ இரண்டோ ஓடும். எத்தனை, என்ன வரிசை என்று பார்த்தால் யார் கை என்று ஓரளவு சொல்லலாம். பழைய கியூ சேகரிப்பவர்களின் இணையக் குழு ஒன்றில் சேர்ந்தாள். 'வா. இரத்தினம்' என்று தகப்பன் பெயரில்தான் சேர்ந்தாள். அங்கிருந்தவர்கள் ஆண் என்று எண்ணி அவளை 'சேர்' என்றே எழுதினார்கள். அவளும் திருத்தப் போகவில்லை. இடையில் ஐந்து கியூ எடுத்தாள். ஒன்றிலும் ஏமாறவில்லை. நாலைச் சுஜிதன் அங்கேயே நல்ல விலைக்கு விற்றான், ஒன்றை அவள் விளையாட அனுப்பினான்.

அந்தக் குழுவில் எல்லோரும் மரியாதையோடு சொல்லும் ஒரு பெயர் வெண்டல் கோர்ஸ். அமெரிக்காவின் ஓஹையோவில் தனியாளாகப் பட்டறை வைத்திருந்த மனிதர். கொஞ்சக் காலம்தான் கியூ செய்தார். வெளியில் பெயர் பொறிக்கவில்லை. அவருடையது என்று உறுதியானவை உலகத்தில் ஏழே ஏழு. அந்த ஏழின் படங்களையும் வாகினி சேர்த்து வைத்து, ஓய்ந்த நேரமெல்லாம் அளந்தாள். அளக்க அளக்க ஒரு விஷயம் வெளிப்பட்டது. ஒவ்வொன்றிலும் நாலு முனை. அதில் மூன்று ஒரே உயரம். ஒன்று மட்டும் ஒரு நெல் அளவு குட்டை. ஏழிலும் அப்படியே. மரத்தைப் பிடித்துக்கொள்ளும் அச்சில் ஏதோ பிசகு இருந்திருக்க வேண்டும். மனுஷன் அதைக் கடைசி வரை திருத்தவில்லை.

குழுவில் எழுதினாள். அங்கே மூத்தவரான டேல் என்பவர் ஒரே வரியில் பதில் போட்டார்: 'அன்புள்ள சேர், அது கமராவின் கோணம். கோர்ஸ் போன்ற கைகாரர் குட்டை முனை வைக்கமாட்டார்.'

வாகினிக்குச் சிரிப்புத்தான் வந்தது. சரிவாக எடுத்த படத்தில் எது நீளும், எது சுருங்கும் என்பது அவளுடைய அன்றாடச் சோறு. அந்தக் கணக்கைக் கழித்துவிட்டுத்தான் எழுதியிருந்தாள். வாதாடவில்லை. எட்டாவது ஒன்று எங்காவது கிடக்கும், அது வரட்டும் என்று இருந்தாள்.

எட்டு மாதம் கழித்து அது வந்தது. கனடாவில் ஹமில்டன் என்ற ஊரில் ஒரு வீட்டைக் காலி செய்து சாமான்களை ஏலத்தில் போட்டிருந்தார்கள். 'சுவர்க் கடிகாரம் ஒன்று, பூல் கியூ மூன்று, ஒன்றில் பெயிண்ட்' என்று ஒரே கட்டாகப் போட்டிருந்தார்கள். மூன்றில் இரண்டு வெறும் தடிகள். மூன்றாவதின் அடிப்பாதி முழுவதும் யாரோ கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தார்கள். எந்தக் கண்ணும் தாண்டிப் போய்விடும்.

வாகினியும் தாண்டத்தான் போனாள். பெயிண்டின் மேல் பட்ட வெளிச்சம் ஓரிடத்தில் லேசாகத் தடுக்கியது. மரம் சுருங்கி விரியும்போது ஒட்டின இடமெல்லாம் பெயிண்டுக்கு மேலே மெல்லிய வரம்பாக எழும்பும். படத்தை இறக்கி, வெள்ளையைக் கறுப்பாகவும் கறுப்பை வெள்ளையாகவும் புரட்டி, வெளிச்சத்தைக் கூட்டினாள். எக்ஸ்ரே போலவே ஆகிவிட்டது. அதற்குள்ளிருந்து ஓர் ஈட்டி முனை எழுந்து வந்தது. ஓரத்தில் இரட்டை வரி. பக்கத்தில் இன்னொரு முனை. நுனி இரண்டும் ஊசி. இரண்டாவதன் உச்சி மட்டும் ஒரு நெல் அளவு கீழே நின்றது.

அவள் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து திரும்பப் பார்த்தாள். அங்கேயேதான் இருந்தது.

கணவன் வினோஜனுக்குப் போன் எடுத்தாள். அவன் தம்புள்ளை மரக்கறிச் சந்தை அலுவலகத்தில் வேலை, வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவான். பின்னால் லொறிகளின் சத்தம் கேட்டது.

"எவ்வளவு வரைக்கும் போகப் போற?" என்றான்.

"நூத்தம்பது டொலர்."

"நாப்பத்தஞ்சாயிரம் ரூபா." சத்தம் இல்லாத இடமாகத் தள்ளிப் போனான். "வாகினி, உனக்குத் தெரியுமா, இல்ல அப்பிடி இருக்கும்னு நினைக்கிறியா?"

"தெரியும்."

"அப்ப போ."

ஏலம் முடிவது கனடாவில் இரவு, மாத்தளையில் காலை எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் முந்தி. ஏழு மணிக்கே அவளுக்கு வேலை. நூற்றைம்பதைத் தன் உச்ச விலையாகப் போட்டு வைத்துவிட்டு வந்திருந்தாள். ஏழரை வரை விலை பதினெட்டு டொலரில் தூங்கியது. அவளுக்கு அதுவே பயமாக இருந்தது.

ஏழே முக்காலுக்கு எல்கடுவையிலிருந்து ஒரு முச்சக்கர வண்டி வந்து நின்றது. தேயிலைத் தோட்டத்தில் காலையில் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் வழியில் படிக்கட்டில் சறுக்கி விழுந்த ஒரு பெண். மணிக்கட்டு கோணிப் போயிருந்தது. டொக்டர் துண்டுச் சீட்டு எழுதி உடனே அனுப்பிவிட்டார். எக்ஸ்ரே அறையின் சுவரிலும் கதவிலும் ஈயத் தகடு. உள்ளே போனால் போன் செத்துவிடும்.

வாகினி போனைப் பதுர்தீனின் கையில் கொடுத்தாள். அவர் அந்தப் பிரிவின் உதவியாளர், மாத்தளை டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர், அவளைவிடப் பத்து வயது மூத்தவர், அவளுக்கு 'நானா', அதாவது அண்ணன்.

"நானா, இதக் கொஞ்சம் பாத்துக்கங்க. பச்சை எழுத்துன்னா நாங்க முன்னுக்கு நிக்கிறோம். சிவப்பாச்சுன்னா போயிருச்சு, விட்டுருங்க."

"சரி மிஸ்."

உள்ளே அந்தப் பெண் நடுங்கிக்கொண்டிருந்தாள். "கை போயிருமாங்க? கொழுந்து எடுக்கிற கைங்க."

"போகாதும்மா. மெதுவா இப்பிடி வைங்க. நான் சொன்ன பிறகு அசையாதீங்க." வலிக்காமல் அந்தக் கையைத் திருப்பி வைக்க நேரம் எடுத்தது. நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. இரண்டாவது படம் சரியாக விழவில்லை என்று மூன்றாவதும் எடுத்தாள். முறிவு சுத்தமாக இருந்தது, இலகுவில் பொருந்தும். கதவைத் திறக்கும்போதுதான் அவளுக்குப் போன் ஞாபகம் வந்தது.

பதுர்தீன் போனை இரண்டு கையாலும் பிடித்தபடி சுவரோடு சாய்ந்து நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை.

"மிஸ், சிவப்பாச்சு."

அவள் போனுக்குக் கை நீட்டினாள். "பரவால்ல நானா."

"நான் அமத்திட்டேன்."

"எதை?"

"அந்தப் பெரிய பொத்தானத்தான். நூத்தி எழுவது. அவன் நூத்தி எம்பது போட்டான். நான் தொண்ணூறு போட்டேன். அதோட அவன் அடங்கிட்டான்." போனை நீட்டினார். பச்சையாக இருந்தது. நேரம் முடிந்திருந்தது. "கூடின காச என்ட சம்பளத்துல பிடிச்சிக்கங்க மிஸ். கோவிக்க வாணாம்."

வாகினி அந்தப் பச்சை எழுத்தையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பை நிறுத்த முடியாமல் வாசலில் இருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள்.

"விடச் சொன்னேனே நானா, ஏன் அமத்தினீங்க?"

"எத்தன வருஷமா மிஸ்ஸோட நிக்கிறேன். ஒரு வெடிப்ப நீங்க பிழையாச் சொல்லி நான் பாத்ததில்ல. இது மட்டும் எப்பிடிப் பிழைக்கும்?"

மறுநாளே சுஜிதனுக்கு ஏலக்காரர் மூலம் ஒருவரிடமிருந்து செய்தி வந்தது. எதிர்த்து ஏலம் கேட்ட ஆள். வாகினி கண்டதை அவரும் கண்டுவிட்டாரோ என்று அவள் பயந்திருந்தாள். அவருக்கு வேண்டியிருந்தது சுவர்க் கடிகாரம்தான். கியூவை அவர் பார்க்கவே இல்லை. கடிகாரத்தைத் தந்தால் நூற்றிருபது தருகிறேன் என்றார். சாமான் எடுக்கப் போன சுஜிதன் அந்த வீட்டு வாசலில் வைத்தே கொடுத்து அனுப்பினான். கறுப்புத் தடி எழுபது டொலரோடு நின்றது.

"அக்கா, உண்மையச் சொல்றேன்," என்றான் அவன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில். "கதவுக்கு முட்டுக் குடுக்கக்கூட இத யாரும் எடுக்க மாட்டாங்க."

அங்கே அவனுக்குக் காலை ஒன்பது. இங்கே மாத்தளையில் பொழுது சாயும் நேரம். ஓய்வறைப் பூல் மேசை மேல் போனைச் சாய்த்து வைத்து, வாகினி, வினோஜன், பதுர்தீன் மூவரும் குனிந்து நின்றார்கள். செய்தி கேள்விப்பட்டு மகேந்திரராஜாவும் விடுமுறை நாளில் வந்திருந்தார். ஸ்டிக்கர் நாளைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

"ஹெயார் ட்ரையர சின்னச் சூட்டில வை," என்றாள் வாகினி. "ஒரே இடத்தில பிடிக்காத, பசை விட்டுரும். பெயிண்ட் இளகினதும் பழைய பேங்க் கார்டால தள்ளு. கத்தி வேணாம்."

சுஜிதன் தள்ளினான். கறுப்பு பெயிண்ட் சுருளாக உரிந்தது. அடியில் ஒரு பச்சைக் கோடு, அதை ஒட்டி ஒரு செம்மஞ்சள் கோடு. அவன் குனிந்து பார்த்தான். இன்னொரு தள்ளு. கருங்காலியின் கறுப்பு, அதற்குப் பக்கத்தில் வெண்ணெய் நிறத்தில் மேப்பிள் மரம். இரண்டுக்கும் நடுவில் அந்த இரட்டை வரி மேலே ஏறி ஏறிப் போய் ஊசி நுனியில் முடிந்தது.

"யா அல்லாஹ்," என்றார் பதுர்தீன் மெதுவாக.

நாலு முனையும் வெளியே வர முக்கால் மணி நேரம் எடுத்தது. யாரும் உட்காரவில்லை. சுஜிதன் அளவுகோலை எடுத்தான். முதல் முனையை அளந்தான். இரண்டாவது அதே. மூன்றாவது அதே. நாலாவதை இரண்டு முறை அளந்தான்.

"அக்கா," என்றான், குரல் மாறிப்போய். "மூணு மில்லிமீட்டர் குறையுது."

வினோஜன் அவள் தோளைப் பிடித்தான். வாகினிக்குக் கண் கலங்கிவிட்டது. மற்றவர்கள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அன்றே படங்களையும் அளவுகளையும் குழுவில் போட்டாள். டேல் ஒரு மணி நேரத்தில் பதில் எழுதினார். இந்த முறை சின்னதாக ஒரு கேள்விதான்: 'அடியில் உள்ள ரப்பரைக் கழற்றிப் பார்த்தீர்களா?' சுஜிதன் கழற்றினான். மரத்தின் அடிவட்டத்தில், சூட்டுக் கம்பியால் எழுதியது போல, இரண்டு எழுத்தும் ஒரு வருஷமும் இருந்தன. கோர்ஸின் முதலெழுத்துகள். அறுபத்து நாலாம் வருஷம்.

அடுத்த நாள் டேல் குழு முழுவதற்கும் எழுதினார். தன்னிடம் இருந்த இரண்டு கோர்ஸ் கியூக்களையும் பெட்டியிலிருந்து எடுத்து அளந்து பார்த்ததாகவும், இரண்டிலும் ஒரு முனை குட்டை என்றும், இருபது வருஷமாகக் கையில் வைத்திருந்தும் தான் அதைக் காணவில்லை என்றும் எழுதியிருந்தார். 'இரத்தினம் சேர் சொன்னதே சரி. நான் பிழை.'

வாகினி நன்றி சொல்லிவிட்டு, கீழே ஒரு வரி சேர்த்தாள்: 'சேர் இல்லை. மிஸ். இலங்கையில் எக்ஸ்ரே எடுக்கிறேன்.'

அதற்குப் பிறகு வந்த பதில்களை வாசித்து முடிக்க அவளுக்கு இரண்டு நாள் பிடித்தது. டேல் இரண்டாம் முறையும் மன்னிப்புக் கேட்டார். கியூவுக்கு நாலாயிரம் டொலர் தருவதாகவும் சொன்னார். வினோஜன் அந்தத் தொகையை ரூபாவில் ஒரு முறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தான். பிறகு, "விளையாடத்தானே வாங்கின?" என்றான். அவள் விற்கவில்லை. ஆனால் அந்தக் குழுவில் எவருக்காவது ஒரு கியூவில் சந்தேகம் வந்தால் இப்போது படம் அவளுக்குத்தான் வருகிறது. ஒரு படம் பார்த்துச் சொல்ல அவர்கள் அனுப்பும் கட்டணம், அவள் அரை நாள் மேலதிக வேலை செய்தால் கிடைப்பதைவிடக் கூட.

மாசி மாதம் முத்துமாரியம்மன் தேருக்குச் சுஜிதன் ஊருக்கு வந்தான். விமான நிலையத்திலிருந்து வழி முழுவதும் அந்தக் கியூவைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னான். அடுத்த நாள் பகல் ஓய்வறையில் நிற்க இடமில்லை. எலும்பு வார்டுத் தாதிகளான மிஸிமார்கூட வந்துவிட்டார்கள்.

முதல் அடியை வாகினி பதுர்தீனுக்குக் கொடுத்தாள். அவர் வாழ்க்கையில் கியூ பிடித்ததில்லை. வேண்டாம் வேண்டாம் என்றவர், பிஸ்மி சொல்லி அடித்தார். வெள்ளைப் பந்து மேசையைத் தாண்டிக் குதித்து, தண்ணீர்ப் போத்தலைத் தட்டிவிட்டு, சுஜிதனின் காலடியில் போய் நின்றது. கூரை பறக்கச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

பிறகு மகேந்திரராஜா தன் தோல் பெட்டியைத் திறந்தார். ஐந்து ஆட்டம், மூன்றை முதலில் எடுப்பவருக்கு வெற்றி. முதலாவதை அவர் எடுத்தார். வாகினிக்குப் புதுக் கியூவின் பாரம் இன்னும் கைக்குப் பிடிபடவில்லை. இரண்டாவதில் பிடிபட்டது. அடித்தால் அதிர்வு கையில் ஏறாமல் பந்துக்கே போய்ச் சேர்ந்தது. எங்கே நினைத்தாளோ அங்கே வெள்ளைப் பந்து நின்றது. இரண்டாவது அவளுக்கு. மூன்றாவதும் அவளுக்கு. நாலாவதில் அவர் ஒரே ஒரு பந்தைத் தவறவிட்டார். அவள் மேசைக்கு வந்தவள் திரும்பி உட்காரவில்லை. ஆறு பந்து, ஏழு பந்து என்று மிஸிமார் எண்ணினார்கள். கடைசியாக எட்டாம் இலக்கக் கறுப்புப் பந்து மேசையின் அந்தக் கோடியில், விளிம்போடு ஒட்டிக் கிடந்தது.

"அது விழாது மிஸ்," என்றார் மகேந்திரராஜா. குரலில் போட்டி இல்லை, ஆதங்கம்தான் இருந்தது.

வாகினி குனிந்து, கோணத்தை ஒரு தரம் பார்த்தாள். இன்னொரு தரம் பார்க்கவில்லை. அடித்தாள். கறுப்புப் பந்து விளிம்பை விட்டு விலகாமல் உருண்டு உருண்டு போய், பொக்கட் வாயில் ஒரு கணம் யோசித்து, உள்ளே விழுந்தது.

மகேந்திரராஜா தன் கியூவைக் கீழே வைத்துவிட்டு முதல் ஆளாகக் கை தட்டினார்.